முந்நூறு மில்லி

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் லக்ஷ்மிநாராயணன் அவர்களே, டாக்டர் ஞானம்பாள் அவர்களின் கணவர் வெங்கடராகவன் ஐயா அவர்களே, ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து நிற்கும் என் செவிலியர் தோழிகளே, நெம்மேலியிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! பிரசவ வார்டின் தலைமைச் செவிலியர் ரங்கநாயகி பேசுகிறேன். ஞானம்பாள் அம்மையாரைப் புகழும் முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பிரசவத்தில் போகும் ரத்தத்தை அளக்க, அடியில் ரத்தம் சேரும் பையும் அதில் அளவுக்கோடும் உள்ள பிளாஸ்டிக் விரிப்பு எங்களுக்கு வந்தது. ஐந்நூறு மில்லியைத் தாண்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆணை வந்தது. பயிற்சி நடந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். விரிப்பை விரித்தோமா? இல்லை! கண்ணால் பார்த்து, எல்லாத் தாய்க்கும் ‘முந்நூறு’ என்றே எழுதினோம். அப்படி நான் எழுதிய ஒரு தாய், கல்பாக்கத்துச் சம்பத்தின் மனைவி சிநேகா, ஒரு மணி நேரத்தில் கண் செருகிப்போனாள். ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். இதோ, மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கிறாள்.

மறுநாள் காலை, சமுதாய மருத்துவப் பேராசிரியர் டாக்டர் ஞானம்பாள் வார்டுக்கு வந்தார். விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சிஸ்டர், விரிப்பு எங்கே?”

“பீரோவுல கீது மேடம். சாவி ஸ்டோர்ல.”

“பிரசவ நேரத்துல யார் போய் எடுக்கறது?”

“அதான் மேடம், யாரும் போவறதில்ல.”

“சாவி மட்டும்தான் காரணமா?”

நான் அழுதுவிட்டேன். “நெஜமா அறுநூறுன்னு எழுதினா, ஏன் அவ்ளோ போச்சுன்னு எங்களத்தான் கேக்கறாங்கோ மேடம்.”

கோபப்பட்டாரா? இல்லை. பேனாவை மூடினார். “ஆணை போட்டப்ப இதை நாங்க உங்ககிட்ட கேக்கவே இல்லையே” என்றார்.

பதினோரு நாள் எங்கள் வேலையைப் பார்த்தபடி அங்கேயே இருந்தார். விரிப்பைப் பிரசவத் தட்டிலேயே மடித்து வைக்கச் செய்தார். அதிக அளவு எழுதியதற்காக யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்று, மேலிடத்தில் போராடி எழுத்திலேயே வாங்கிவந்தார். அப்போதும் ஒருவரும் எழுதவில்லை! ஒரு காகிதத்தை நம்பி எப்படி எழுதுவது?

முதன்முதலாக நான் ‘எழுநூற்றைம்பது’ என்று எழுதிய அன்று, மூத்த மருத்துவர் ஒருவர் குரலை உயர்த்தினார். அம்மையார் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். “சிஸ்டர் அந்த நம்பரை எழுதினதாலதான் சார், அந்தப் பொண்ணு இப்ப உக்காந்து கஞ்சி குடிக்குது” என்றார். வார்டே பார்த்தது. அடுத்த ஷிப்டிலிருந்து எல்லோரும் உண்மையை எழுதினார்கள்!

அதன்பின் எங்கள் வார்டில் ரத்தப்போக்கால் ஒரு தாயையும் நாங்கள் இழக்கவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் சென்ற செவ்வாய்க்கிழமை மாரடைப்புக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

இதே வேலையைச் செய்ய, இன்னும் ஐந்து மருத்துவமனைகளுக்குப் போக அவர் நாள் குறித்திருந்தார். முதலாவது, வரும் திங்கட்கிழமை. தள்ளிவைக்கலாமா என்று அங்கிருந்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா, காலை எட்டு மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம்.