பெட்டியை முதலில் தூக்கச் சொன்னவர்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. பிளம் பழமெல்லாம் பறித்தாகிவிட்டது. சாராயம் காய்ச்ச இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

காவலில் வைத்திருக்கிற அந்த வியன்னா வியாபாரிகள் இருவரையும் விட்டுவிடுங்கள். களவாணிகள்தான், சொந்தத் தாத்தாவின் பல்லையும் பிடுங்கிப் பழம்பொருள் என்று விற்பார்கள். ஆனால் பேராசிரியர் ஸ்வெதோலிக்கை அவர்கள் தொடவில்லை.

அவர் பெல்கிரேடிலிருந்து வந்தது எங்கள் ஊர் ஈயப் பெட்டிக்காக. அந்தக் காலத்தில் ஒரு ரத்தக்காட்டேரியைக் கழுமரத்தால் குத்தியபோது அதன் உயிர் ஒரு பட்டாம்பூச்சியாக வாயிலிருந்து பறந்ததாம். அதைப் பிடித்து ஈயத்தில் அடைத்து, பாழடைந்த தேவாலயக் கிணற்றில் புதைத்தார்கள். அது எந்தக் கிணறு என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரியும். பெட்டி ஊர் எல்லையைத் தாண்டினால் தொட்டில் குழந்தைகள்தான் முதலில் செத்துப்போகும். என் மகள் ஸ்தமேனாவுக்கு எட்டு மாதம்.

படித்தவர்தான், ஆனால் துணிச்சல்காரர். பெட்டிக்குப் போட்டியாக வந்த வியன்னாக்காரர்கள் பாலத்தை மறித்தால் வெள்ளத்தில் நீந்தி வந்தார். அவர்கள் வரைபடத்தைத் திருடினால், "வெச்சுக்கட்டும், அதுல பாதி நான் தப்பா வரைஞ்சது" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது. என் மகளுக்கு ஞானத்தந்தையாக இருக்கச் சொன்னேன். அவளை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் ஏந்தியதும் எனக்குக் கும், அதாவது ஞான உறவுக்காரர், ஆனார். அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் "குமே" என்றுதான் கூப்பிட்டோம். வானத்தில் கடவுள், மண்ணில் கும் என்பார்கள். கூடப் பிறந்தவன்கூட அதற்கு அடுத்தபடிதான்.

பெட்டியைப் பார்த்து, படம் வரைந்துகொண்டு, திரும்பப் புதைத்துவிடுவதாகக் குழந்தையின் தலைமேல் கைவைத்துச் சொன்னார். அதன் பிறகுதான் இடத்தைக் காட்டினேன்.

ஞாயிறு காலை பூசை நேரம். ஊரே கோவிலில் இருந்தது. அவர் கயிற்றைப் பிடித்து வறண்ட கிணற்றுக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து சிரிப்புச் சத்தம்.

"குமே, கெடச்சுடுச்சு! பெட்டியை மொதல்ல தூக்குங்க. வண்டிக்காரன் கீழ் ரோட்டுல நிக்கிறான். சாயங்கால ரயிலைப் புடிச்சிடலாம்."

"திரும்பப் புதைக்கிறதாச் சொன்னீங்களே, குமே."

"விட்டுட்டுப் போனா நாளைக்கே அந்த ரெண்டு பேரும் தோண்டிடுவானுங்க. ஒரு பூச்சிக்கா பயப்படுறீங்க? தூக்குங்க, கோச்சுக்காதீங்க."

வண்டியை முந்தின நாளே பேசிவைத்திருக்கிறார், ஐயா. என் வீட்டில் ரொட்டியும் பாலாடையும் தின்றுகொண்டே பேசிவைத்திருக்கிறார். உண்ட வீட்டுக்கு இரண்டகம். அதற்குமுன் யாரையும் நான் அப்படி நம்பியதில்லை.

பெட்டியைத் தூக்கினேன். கனமில்லை. முத்தமிட்டு மறுபடி அவரிடமே இறக்கினேன். அவருக்கு அது வேண்டும், அது மண்ணுக்குள் இருக்க வேண்டும், இரண்டும் நடந்தது. பிறகு கயிற்றைச் சுருட்டினேன். கிணற்றின் மூடுகல்லை ஒரு ஆள் நகர்த்த முடியாது என்பார்கள். முடிகிறது.

கொலை என்று நீங்கள் எழுதுவது சரியில்லை. எங்கள் ஊரில் மண்ணுக்கு அடியிலிருந்து வரும் குரலுக்கு யாரும் சட்டென்று பதில் சொல்வதில்லை. காட்டேரி உங்கள் பெயரை ஒரு தடவைதான் சொல்லும். பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டால் அது மனிதன். ஓடிப்போய்த் திறக்க வேண்டும். என் பெயர் ராதிசாவ். அவருக்குத் தெரியாத பெயரா? மூன்று தடவை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே திறந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வரை கல்மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். கும்மைப் பெயர் சொல்லி அழைத்தால் உறவு அறுந்துவிடும் என்பதும் எங்கள் வழக்கம். அதையும் எங்கோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார் போல. குரல் போகும்வரை "குமே, குமே" என்றுதான் கூப்பிட்டார்.

கொடுத்த வாக்கை மீறி உறவை முறித்தது அவர்தான் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.