சிலந்தியும் சிகரெட்டும்

ஆனேக்கல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "ஒரு சிலந்திக்காக எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டாருக்கா."

"என்னம்மா சொல்ற?"

"கேமராவுக்கு மேக்ரோ லென்ஸ் வாங்கினாரு. எங்க கிச்சன் ஜன்னல்ல இருக்கிற சிலந்திய ரொம்பக் கிட்டப் போய் எடுக்கணுமாம். லேசா அசைஞ்சாலே படம் கலங்கிடுமாம். இவரு மூச்சை அடக்கினா இருமல் வந்துடும். சிலந்தி ஓடிடும்."

"நீ அழுதப்பக்கூட விடலையே!"

"இப்ப தொடுறதே இல்லக்கா. ஞாயித்துக்கிழமை அதோட கண்ணு அத்தனையும் பளிச்சுன்னு எடுத்துட்டாரு."

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். ஆனா ஒட்டடை அடிக்கவே பயமா இருக்கு. அது போயிட்டா மறுபடி ஆரம்பிச்சிடுவாரோன்னு."