வீட்டுக்கு நான்கு செடி

கறிவேப்பிலையை ரொறன்ரோவில் ஆறு பனிக்காலம் சாகவிடாமல் வளர்த்தவளுக்குக் கஞ்சா பெரிய வேலை இல்லை. வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நான் நான்குதான் வளர்த்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்காகத்தான் தொடங்கினேன். இருபத்தாறு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்த கால்கள். புதிதாக வளர்ப்பவர்களுக்கென்று வந்த வீடியோக்களைப் பார்த்துப் பழகினேன். மண் விரலுக்குக் காய்ந்து தெரிந்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். பூக்கிற காலத்தில் பாதி நாள் முழு இருட்டு. ஆண் செடியைக் கண்டால் உடனே பிடுங்கிவிட வேண்டும். பேஸ்மென்றில், விளக்குக்குக் கீழே, அவை சத்தமில்லாமல் வளர்ந்தன.

மேலே என் கணவர் சண்முகலிங்கம் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். கெட்டவர் இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் பேசுவார். நான் வெங்காயம் வெட்டினால் பக்கத்தில் வந்து நின்று, "உப்பிடியே வெட்டுறது?" என்பார். குளித்தால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் வீணாகிறது என்பார். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை. நான் களைத்துப்போனேன். வேறு காரணம் தேடாதீர்கள், இல்லை.

ஒருநாள் எனக்கென்று கஞ்சாப் பூவைப் போட்டுக் காய்ச்சிய நெய்யில் கொஞ்சம் அவருடைய புட்டில் விட்டேன். அன்று பின்னேரம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. நான் தேத்தண்ணீரைச் சூடு ஆறுமுன் குடித்து முடித்தேன்.

பிறகு தினமும் விட்டேன்.

பனி கரைவதற்குள் அவர் வீட்டைப் பூட்டுகிற திறப்பைப் பிரிட்ஜில் வைக்கத் தொடங்கினார். மகளின் பெயர் வராமல் நின்றார். மகள் கஜனி விட்பி நகரிலிருந்து ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு மறதி வருத்தமோ?"

"வயசு போகுதெல்லே பிள்ளை," என்றேன்.

டொக்டரிடம் கொண்டுபோன நாட்களில் காலையிலேயே அளவைக் கூட்டிக் கொடுத்தேன். மறதியைச் சோதிக்கக் கடிகாரம் ஒன்று கீறச் சொன்னார்கள். வட்டத்தைக் கீறி, எண்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் குவித்து எழுதினார். அதைப் பார்த்து அழுதேன். அது நடிப்பில்லை.

பிக்கரிங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. நான் வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டேன். மூன்று கிழமை எதுவும் கொண்டுபோகவில்லை. நான்காம் ஞாயிறு அவர் என் கையைப் பிடித்தார்.

"இஞ்சரும், எனக்கு ஒண்டுமில்லை. தலை இப்ப நல்லாத் தெளிஞ்சு கிடக்கு. என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போம்."

"ஓம், கூட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

அடுத்த ஞாயிறு ரவா லட்டு செய்து கொண்டுபோனேன். முதலாவதை நானே ஊட்டினேன். மிச்சத்தை டப்பாவோடு தாதி கிளடிஸிடம் கொடுத்து, நாளுக்கு ஒன்று கொடுக்கச் சொன்னேன். நல்ல மனைவி என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்படிப் பதினான்கு மாதம்.

இந்த மாசியில் எனக்குக் காய்ச்சல். இரண்டு கிழமை போகவில்லை, லட்டு தீர்ந்துவிட்டது. அவர் கிளடிஸின் மூன்று பிள்ளைகளின் பெயரையும் ஒழுங்காகச் சொல்லி நலம் விசாரித்தாராம். நான் அடுத்து கொண்டுபோன டப்பாவை அவள் அவருக்குக் கொடுக்காமல் டொக்டரிடம் கொடுத்திருக்கிறாள்; அப்படித்தான் பொலிஸ் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கெட்டிக்காரி. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

ஆம், தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு லட்டையும் இந்தக் கையால்தான் பிடித்தேன்.

இப்போது அவர் கஜனி வீட்டில் இருக்கிறாராம். அந்தக் கடிகாரம், வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சியது, எல்லாம் ஞாபகம் வந்து, சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாராம். பாவம் மனுசன். என்னிடம் விட்டிருந்தால், அதையெல்லாம் நினைத்துக் கஷ்டப்பட நான் விட்டிருக்க மாட்டேன்.