கட்டைவிரல் நிற்கிற இடம்

மெயில் படிக்கிறவர்களுக்கு அவசரமெல்லாம் கட்டைவிரலில்தான் ஐயா. கண் பொறுமையாகத்தான் இருக்கும், விரல்தான் தள்ளிக்கொண்டே போகும். நீங்களும் அப்படித்தான் படிப்பீர்கள். அதில் தப்பில்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஆறிவிடும்.

என் பேர் மெர்லின். ராயபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அதை நம்பித்தான் எண்ணூர் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரத்துக்கு ‘அக்கம்பக்கம்’ என்று ஒரு மெயில் போகும். கண் முகாம், தையல் வகுப்பு, பிள்ளைகளின் மார்க்கு. கழிமுகத்தில் கழிவுத் தண்ணீர் திறப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே அதில் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்கு அரசாங்கம் போட்ட நிபந்தனை.

நான் கையில் எடுத்தபோது நூற்றுக்குப் பதினோரு பேர்தான் திறந்தார்கள். ஏழு மாசத்தில் அறுபதாக்கினேன். பெரிய எழுத்து, மேலே ஊருக்குத் தெரிந்த யாராவது ஒருவரின் முகம், கீழே ஒரே ஒரு பட்டன். இரண்டு பட்டன் வைத்தால் எதையும் அழுத்த மாட்டார்கள்.

முகத்துவாரக்குப்பத்தில் வினிதா என்று காலேஜ் படிக்கிற பெண். மீன் ஏலம் முடிந்ததும் போனைத் திறந்து எல்லாப் பெண்களுக்கும் மெயிலைப் படித்துக் காட்டுவாள். அவள் விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே நான் அங்கே போவேன்.

“இந்த வாரம் யாரு மூஞ்சிடி போட்டுக்கீது?” என்று கேட்டாள் அவள் அம்மா சிவந்தி.

“மங்கம்மா அத்தை மூஞ்சிம்மா.”

“அய்ய, தலைய வாரிகினு நின்னுருக்கக் கூடாதா அது?”

“உன்னாட்டம் பறிய கடிச்சிகினு நின்னா போட்டோல பல்லுதான் தெரியும், போடி,” என்றாள் மங்கம்மா.

சிவந்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போடுகிற ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அன்றைக்கு என்னிடம் சொன்னாள்: “தண்ணி தொறக்கறத மட்டும் கரீட்டா சொல்லிடு மேடம். மத்தது போட்டா போடு, போடாங்காட்டி போ.”

சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் மேனேஜர் ரவிக்குமார் வந்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, குழாய் கழுவிய ஆசிட் தண்ணீரைத் திறக்கப் போகிறார்கள். “மெயில்ல போட்டோம்னு இருக்கணும் மேடம். போன தடவை மாதிரி கேட்ல வந்து நிக்கக் கூடாது.” அவ்வளவுதான் சொன்னார். அவரையும் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள், அவருக்கு லேஅவுட் தெரியாது.

போன தடவை நான் அதை மேலேயே சிவப்பில் போட்டிருந்தேன். ஜனங்கள் கேட்டுக்கு வந்தார்கள், அது கூடப் பரவாயில்லை. முப்பத்தாறு பேர் இனி மெயிலே வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். ஏழு மாச உழைப்பு ஐயா.

அளவுக்கு மேல் நீண்ட மெயிலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். ‘முழுவதையும் பார்க்க’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் நிற்கும். மெயில் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அந்த வாரம் மெயில் கொஞ்சம் நீண்டுவிட்டது. அறிவிப்பு வெட்டுக்குக் கீழே போய்விட்டது. நான் மறைக்கவில்லை. தடித்த எழுத்தில், தேதி, நேரம், போன் நம்பரோடு இருந்தது.

மெயிலின் அடியில் புள்ளி அளவுக்கு ஒரு படம் வைத்திருப்பேன், அது யார் போனில் திறக்கிறது என்பதை வைத்து அடிவரை யார் வந்தார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியும். சனிக்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு பேர் திறந்திருந்தார்கள். அடிவரை வந்தவர்கள் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் பூசை பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் யாருமில்லை. ஆறு வரியில் இன்னொரு மெயில் எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு மெயில் போனால் ஜனங்களுக்கு எரிச்சல் வரும்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே சிவந்தி தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

எட்டேகாலுக்கு என் கணக்கில் ஒருவர் என்று விழுந்தது. வினிதா. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கம்பெனி எங்கேயாவது சொல்லியிருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். சொல்லியிருந்ததே.

மெயில் எப்படி நீண்டது என்று முதலிலேயே கேட்டீர்கள். உங்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. விஷயம் எப்போதும் உள்ள அளவுதான். கண்ணுக்குத் தெரியாத வெற்று வரிகளை நடுவில் நான்தான் சேர்த்தேன், ஆயிரக்கணக்கில். தையல் வகுப்புப் பட்டனுக்குக் கீழே சரியாக வெட்டு விழுகிறவரை, எனக்கே பதினேழு தடவை அனுப்பிப் பார்த்தேன்.

இரங்கல் மெயிலும் நான் செய்ததுதான். பறியைக் கடித்துக்கொண்டு சிவந்தி நிற்கிற போட்டோ, கீழே நாலு வரி. பட்டன் வைக்கவில்லை. எங்கேயும் வெட்டுப்படாத மாதிரி மெலிசாக வைத்தேன். திறந்த எல்லாரும் அடிவரை வந்திருக்கிறார்கள், வினிதாகூட. சிவந்தியிடம் கொடுத்த வாக்குக்கு என்னால் முடிந்தது அதுதான் ஐயா.