யாரும் தேடாத வயல்

மண்ணுக்குள் பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் வாங்கும் புதியவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், மேடம். பெட்டியைப் பிரித்த கையோடு வயலுக்கு ஓடிவிடுகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து இடுப்பொடிந்து, இரண்டு ஆணியும் ஒரு பீர் மூடியுமாக வீடு திரும்புகிறார்கள். நான் அப்படியில்லை. கருவி வந்து ஏழு வாரம் அதைத் தொடவே இல்லை. எங்கே தேடுவது என்பதைத்தான் முதலில் தேடினேன்.

இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று காணாமல் போய்விட்ட ஒற்றையடிப் பாதை, சந்தை கூடிய திடல், இடிந்துபோன மதுக்கடை, ஓடையைக் கடந்த துறை, இவைதான் நல்ல இடங்கள். ஜனங்கள் நின்று பேசி, குடித்துத் தடுமாறிய இடத்தில்தான் சட்டைப்பையிலிருந்து காசு விழும். வயலின் பெயரைக்கூட விடக்கூடாது. எங்கள் நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு வயலுக்குத் தூக்குமேட்டு வயல் என்று பெயர். அங்கே வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் எதையும் சிந்தாமலா வீட்டுக்குப் போயிருக்கும்.

இந்த வேலையில் எனக்குக் கைகொடுத்தவள் என் அக்கா மார்ஜரி. முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவள். வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஆவணக் காப்பகத்துக்குப் போய், பழைய வரைபடங்களை மெல்லிய தாளில் நகலெடுத்து வருவாள். சமையலறை மேசையில் ரொட்டி வைக்க இடம் இருக்காது.

"டேய் லயனல், உனக்குப் பொறுமை இருக்கு, மூளைதான் கொஞ்சம் மட்டு. அந்தப் பென்சிலை இப்படிக் குடு" என்பாள்.

அறுபத்தொரு வயதிலும் நான் அவளுக்கு 'டேய்'தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் மாடியறை எனக்கு, கீழறை அவளுக்கு. நான் பிறந்ததும் அந்த மாடியறையில்தான். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில்தான் அவளுக்கு ஸ்பெயின் ஆசை வந்தது.

"இந்த ஈரத்துல இன்னொரு குளிர்காலம் என் முட்டி தாங்காதுடா. வீட்டை வித்துட்டுப் போயிடலாம். அங்கே வெயில் சும்மா கொட்டுது. நீயும் வா."

எனக்கு வெயில் ஆகாது என்று சொன்னேன். சிரித்தாள். மறுநாள் இன்னொரு தடவை சொன்னேன். "போகப்போகப் பழகிடும்" என்றாள். அதற்குள் மாதா கோவிலிலும் தபாலாபீசிலும் ஊர் பூராவும் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை நான். அந்த வாரம்தான் கருவிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

பக்கத்து ஊரில் கருவி வைத்துத் தேடுகிறவர்களின் சங்கத்திலும் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். தங்கமான மனிதர்கள். ஆனால் நல்ல இடம் எது என்று கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். மோசமான இடத்தைக் கேட்டால் போதும், போட்டி போட்டுக்கொண்டு புலம்புவார்கள். எனக்குத் தேவைப்பட்டதும் அந்தப் புலம்பல்தான். எங்கெல்லாம் தேடுவார்கள் என்று முழுசாகத் தெரிந்தால்தானே, எங்கே தேடவே மாட்டார்கள் என்று தெரியும்.

நகரத்துக் குப்பையிலிருந்து செய்த மலிவு உரத்தைக் கொட்டிய வயல்கள்தான் அவர்களுக்குப் பரம எதிரி. அந்த உரத்தில் நறுக்கிய டின், அலுமினியத் தாள், கம்பித் துண்டு எல்லாம் கலந்திருக்கும். கருவியை வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் கத்தும். காதில் ஹெட்போன் மாட்ட முடியாது. மார்ஜரியிடம் இதை ஒரு புதிர் போலப் போட்டேன்.

"அக்கா, இந்த வட்டாரத்துலயே ஒருத்தனும் தேடாத வயல் எதுவா இருக்கும்?"

புதிர் என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இரண்டே நாளில் பதிலோடு வந்தாள்.

"பண்ணைக்காரர் கோடார்டோட தெற்கு வயல்டா. குப்பை உரம், பாதையும் கிடையாது, குதிரைக்குப் புல் விட்டிருக்கிறதால ஆழமா உழறதும் இல்ல. இன்னும் நூறு வருஷம் ஆனாலும் அங்க எவனும் குழி தோண்டமாட்டான்."

சொல்லிவிட்டு வரைபடத்தில் அந்த வயலைச் சிவப்புப் பென்சிலால் அடித்தாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

கோடார்டிடம் முறையாக அனுமதி வாங்கினேன். அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதை எங்கள் சங்கத்தில் திருட்டு என்றுதான் சொல்வார்கள். பட்டப்பகலில் தோண்டினேன். ஹெட்போனும் மண்வெட்டியுமாக நிற்பவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கோடார்ட் மட்டும் டிராக்டரை நிறுத்திச் சிரித்தார்.

"யோவ் லயனல், வடக்கு வயல்லயும் தேடிக்கோன்னு சொன்னேனே. போயும் போயும் இங்கயா? சோடா மூடிதான்யா கிடைக்கும்."

"பழகிக்கிறேங்க. புதுசு இல்லையா."

"நல்லாப் பழகினே போ" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் பள்ளத்தின் மேல் பலகை போட்டு, வெட்டிய புல்லை அப்படியே விரித்துவிடுவேன்.

நான்காம் நாள் காலை, நாலரை அடி ஆழத்தில், மண்வெட்டி முனையில் ஏதோ மின்னியது. ஆயிரத்து முந்நூறு, நானூறு வருஷப் பழசு, சாக்சன் காலத்துப் பதக்கம். தங்கத்தில் சிவப்புக் கல் பதித்தது, நடுவில் ஒரு பறவை. அந்த ஆழம் எந்தக் கருவிக்கும் எட்டாது. ஆளைப் புதைக்கிற ஆழம் தோண்டினால்தான் கிடைக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எதற்காகத் தோண்டினேன் என்பதே அந்த நிமிஷம் மறந்துபோனது. வீட்டுக்கு ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதில்லை.

மார்ஜரி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, முட்டிவலியோடு வயல் முழுக்க நடந்து வந்தாள். பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டுப் பதக்கத்தைக் கையில் வாங்கி அழுதாள்.

"டேய், சாதிச்சிட்டியேடா. இன்னிக்கே அருங்காட்சியகத்துக்குப் போன் பண்ணு. இந்த வயல் பூரா தோண்ட வருவாங்க பாரு. வெள்ளிக்கிழமை வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியாக் கிளம்பலாம்."

வயல் பூராவும் தோண்டினால் என் ஏழு வார ஆராய்ச்சி என்னாவது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. மண்வெட்டி கையிலேயே இருந்தது. அவள் குனிந்து பறவையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே அடிதான். அதைவிடச் சந்தோஷமான நிமிஷம் அவளுக்கு ஸ்பெயினில் வாய்த்திருக்குமா, சொல்லுங்கள்.

ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் போகப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாளே. அக்கா முன்னாடியே ஸ்பெயின் போய்விட்டாள், வீட்டை இப்போது விற்பதில்லை என்றேன், நம்பிவிட்டார்கள். பழைய தங்கம் கிடைத்தால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நான் மூன்றாம் நாளே தெரிவித்தேன்.

தப்பு அங்கேதான் நடந்தது, மேடம். அருங்காட்சியகத்திலிருந்து வந்த டாக்டர் பிலிப்பா எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் கோடார்டின் வடக்கு வயலைக் காட்டினேன். இரண்டும் ஒருவர் நிலம், யாருக்கும் நஷ்டமில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் எங்கள் தொழிலில் பொருளைவிட இடம்தான் பெரிது. இடத்தை மாற்றிச் சொல்பவனோடு சங்கத்தில் ஒருவரும் டீ குடிக்கமாட்டார்கள். அந்தப் பெண்மணி பதினான்கு மாணவர்களோடு மூன்று வாரம் மழையில் தோண்டினார். ஒரு ஊசிகூட அகப்படவில்லை. போன மாதம் அவர் எழுதிய புத்தகம் வந்தது. சாக்சன்கள் இரண்டு வயலுக்கும் நடுவே ஓடும் ஓடைக்கு வடக்கே குடியிருந்தார்கள் என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். வரைபடத்தில் தப்பான வயலில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷத்தில் எனக்கு மனசாட்சி உறுத்தியது அந்தப் புள்ளிக்குத்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். தெற்கு வயல், கிழக்கு வேலியிலிருந்து நாற்பத்தோரு அடி. கீழே இன்னும் பதக்கங்கள் இருக்கலாம், அதனால் இயந்திரம் வைக்காமல் கொத்துக்கரண்டியால் தோண்டச் சொல்லுங்கள். மேலே மார்ஜரி இருக்கிறாள், அவளை முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. அருங்காட்சியகத்தின் அட்டையில் கண்டெடுத்தவர் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அக்காவின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இடத்தைத் தேடிக் கொடுத்தது அவள்தான். அடுத்தவர் உழைப்பை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.