ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் நெஞ்சு

— என்னம்மா, இன்னிக்கு புதன்கிழமையாச்சே! கிழமை மறந்து போச்சா?

— ஏன், புதன்கிழமை மக அப்பாவுக்குப் போன் பண்ணக்கூடாதா?

— தாராளமா பண்ணு. குரல் ஏன் அரைத் தூக்கத்துல இருக்கு?

— ஜன்னலோரமா உக்காந்திருக்கேன்ப்பா. மழை தூறிக்கிட்டே இருக்கு… கண்ணு சொக்குது.

— டாக்டர் பட்டம்னு போயிட்டு அங்க தூங்குறியா! அந்த மருத்துவத் தகவல் படிப்புல அப்படி என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க?

— ஆஸ்பத்திரியில நோயாளிங்களைப் பத்திக் குவியுற விவரத்தையெல்லாம் படிக்கக் கத்துக்கறோம். கையில பட்டை கட்டிவிடுவாங்கல்ல, வீட்டுக்குப் போனாலும் நாடியைக் குறிச்சுக்கிட்டே இருக்கும்… அதெல்லாம் பேரை எடுத்துட்டு எங்களுக்கு வரும்.

— பேரில்லாம என்னத்தப் படிக்கிறது?

— நாடி ஏறி இறங்குற கோடு இருக்கே. உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா அது மூச்சு விடுற மாதிரி இருக்கும்ப்பா… அதுல ஒருத்தர் இருக்காரு. வாரம் பூரா அவரு நெஞ்சு குளத்துத் தண்ணி மாதிரி கிடக்கும்.

— சரியான சோம்பேறியா இருப்பான்.

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் ஓடும். நான் உங்களுக்குப் போன் பண்ற நேரம் இருக்குல்ல… அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிடும்.

— டிவியில மேட்ச் பாக்குறானா இருக்கும். விடு.

— போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, விடிய விடிய ஓடியிருக்கு. அடங்கவே இல்ல.

— தூக்கம் வராமப் புரண்டிருப்பான்.

— அன்னிக்குத்தான் எனக்குக் காய்ச்சல். போன் பண்ணாமத் தூங்கிட்டேன்.

— …அதுக்கும் இதுக்கும் என்னம்மா?

— ப்பா.

— சொல்லு… கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— எங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுத்ததே இதுதான். கோட்டுல இருக்கிறது யாருன்னு தெரிஞ்சுட்டா, பேராசிரியர்கிட்ட சொல்லிட்டு அந்த வேலையை விட்டுடணும். அதைக் கையில வச்சுக்கிட்டே, அந்த ஆளுகிட்டப் போயி உடம்புக்கு என்னன்னு கேக்கக்கூடாது.

— அப்ப கேக்காத! ரெண்டு வருஷமா உழைச்சிருக்கே. யாரோ ஒரு கிழவனுக்காக…

— கிழவன்னு நான் சொல்லவே இல்லையே.

— …சோம்பேறின்னா வேற யாரு, கிழவன்தானே!

— காலையில பேராசிரியர்கிட்ட சொல்லி, அந்த வேலையை விட்டுட்டேன்ப்பா. திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

— அடிப்பாவி! இதுக்குப் போயா…

— இப்ப கேக்கலாம்ல? உங்க நெஞ்சுக்கு என்ன?

— …சின்ன அடைப்புதான். மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன். நெஜமா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?

— வாரத்துக்கு ஒருநாள் கூப்பிடுற… வாய் ஓயாம சிரிச்சுப் பேசுற. அதுக்கு நடுவுல இதை எப்படிம்மா சொல்றது? பட்டையைக் கட்டும்போது டாக்டரம்மா சொன்னாங்க, ‘பேர் வராது, எங்கேயோ படிக்கிற பிள்ளைங்க பாப்பாங்க’ன்னு. அந்தப் பிள்ளைங்கள்ல நீயும் ஒருத்தியா இருந்துட மாட்டியான்னுதான்… குளிக்கும்போதுகூட அதை நான் கழட்டல.