மாமா அழுத தேர்தல்கள்

என் அக்கா புருஷனுக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

முதல்முறை அவர் சட்டசபைக்கு நின்றபோது, பிரசாரத்துக்கு நடுவில் அவருடைய அம்மா போய்ச் சேர்ந்தார். வயசானவர், தானாகவே போனார். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. மறுநாள் மேடையில் மாமா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, அழுகை வந்தது. கூட்டமும் சேர்ந்து அழுதது. டெபாசிட் போய்விடும் என்று நாங்கள் பயந்த ஆள் எம்.எல்.ஏ. ஆனார். சட்டசபையில் அவர் எழுப்பிய ஒரே சத்தம் தும்மல்தான்.

அப்படிப்பட்டவருக்குக் கட்சி பார்லிமென்ட் சீட் கொடுத்தது. பிரசாரப் பொறுப்பு என்னுடையது. தெருத்தெருவாக விசாரித்தேன், மூன்றாவது இடம்தான் தேறும் போலிருந்தது.

"அன்னிக்கு அம்மா செத்தாங்க, பாவமா இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு?" என்றார் ஒரு சலூன்காரர். நியாயமான கேள்வி.

அக்காவுக்கு ஆஸ்துமா. தேர்தல் அலுவலகத்தில் போஸ்டர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"டேய், உங்க மாமா ஜெயிக்க நான் என்னடா பண்ணணும்?" என்று அவளேதான் கேட்டாள்.

தூசியில் அவளுக்கு மூச்சு முட்டியது. இன்ஹேலருக்காகக் கையை நீட்டினாள். அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் போஸ்டரில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பையிலிருந்த இன்ஹேலர் அவர் நெஞ்சில் குத்தியது. எடுத்துப் பார்த்தார். திரும்ப என் பையிலேயே போட்டுவிட்டு, "மைக் எங்கடா?" என்றார்.

ஊர் ஊராக அழுது ஜெயித்தார். மத்திய மந்திரியும் ஆனார். குடும்ப நலத்துறை.

இப்போது மறுபடி தேர்தல். நிலவரம் சுமார்தான். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷர். சொந்தம் என்று மிச்சம் நான் ஒருவன்தான். போன வாரம் மேடையில் என் தோளில் கைபோட்டு, "இவன் மச்சான் இல்ல, எனக்குப் பெத்த பிள்ளை மாதிரி" என்றார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கீழே இறங்கும்போது காதருகே குனிந்து, "உனக்கு நீச்சல் தெரியாதில்ல?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதனால்தான் நானே வந்தேன் சார். அக்காவைச் சாகவிட்டது நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், உள்ளே வையுங்கள். ஆனால் ஒரு பதவிக்காகச் சொந்த மச்சானையே பலிகொடுக்கத் துணிகிறார் என்றால், மனுஷனுக்கு மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?